வெள்ளணு இறங்கினால் எதிர்ப்புச் சக்தி போய்விட்டதா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறோம். என் கணவருக்கு 38 வயது, பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. போன மாதம் டெங்கு வந்து, ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பினார். எல்லாரும் பிளேட்லெட்டைப் பற்றியே பேசினார்கள். எனக்கோ வெள்ளை அணு 2,100க்கு இறங்கியதுதான் பயம். கீழ்வீட்டு அக்கா, "உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லை, யாரையும் கிட்டே விடாதே" என்றார். மாமியார் திருப்பத்தூரிலிருந்து பப்பாளி இலையும் நிலவேம்புப் பொடியும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளை அணுவை ஏற்ற ஊசி இருக்கிறதாமே, அதை ஏன் போடவில்லை என்று கேட்டால் வார்டு டாக்டர் சிரித்துவிட்டுப் போனார். 2021இல் எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் கொரோனாவில் போனபோது அவருக்கு வெள்ளை அணு 18,000 இருந்தது. ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து என்றால் எதைத்தான் பார்ப்பது? கடைசி ரிப்போர்ட்டில் "ரியாக்டிவ் லிம்போசைட் 12 சதவீதம்" என்று போட்டு நட்சத்திரக் குறி வைத்திருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் ரத்தப் புற்றுநோய் என்றெல்லாம் வருகிறது. நான்கு ரிப்போர்ட்டையும் இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அந்த நட்சத்திரக் குறி என்று தெரிகிறது. அதனால் கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் கணவருக்கு ரத்தப் புற்றுநோய் இருப்பதாக இந்த ரிப்போர்ட்டுகளில் எந்த அறிகுறியும் இல்லை. டெங்குவிலிருந்து தேறுகிறவரின் ரத்தம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் இருக்கிறது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

கீழ்வீட்டு அக்கா சொன்னதுக்கு வருவோம். அவரைக் குறை சொல்ல முடியாது. வெள்ளணுக்கள் உடம்பின் காவலர்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். காவலர்கள் குறைந்தால் காவல் குறைந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் லேப்பில் எண்ணுவது உடம்பில் இருக்கும் வெள்ளணுக்களை இல்லை. அந்த நேரத்தில் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருப்பவற்றை மட்டும்தான். மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் நின்று பஸ்ஸை எண்ணிவிட்டு, ஊரில் மொத்தம் இவ்வளவுதான் பஸ் என்று சொல்வதைப் போன்றது அது. லிம்போசைட் என்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் உள்ள மொத்த லிம்போசைட்டில் ஏறக்குறைய 2 சதவீதம்தான் எந்த நேரத்திலும் ரத்தத்தில் இருக்கும். மற்றதெல்லாம் நிணநீர்க் கட்டிகளிலும் மண்ணீரலிலும் குடல் சுவரிலும் எலும்பு மஜ்ஜையிலும் இருக்கும். நியூட்ரோஃபில் வகையில் பாதிக்குப் பாதி ரத்தக் குழாயின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஊசியில் உறிஞ்சும் ரத்தத்தில் அவை வரவே வராது.

வைரஸ் உள்ளே வந்ததும் தொற்றுக்கு ஆளான செல்கள் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியிடுகின்றன. காய்ச்சல், அடித்துப்போட்டது போன்ற உடம்புவலி, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, இதெல்லாம் பெரும்பாலும் இந்த வகைப் புரதங்களின் வேலை. இதே இன்டர்ஃபெரான் ரத்தத்தில் ஓடும் லிம்போசைட்டுகளை நிணநீர்க் கட்டிகளுக்கும் திசுக்களுக்கும் இழுத்துவிடுகிறது. மஜ்ஜையின் உற்பத்தியையும் சில நாட்களுக்கு மட்டுப்படுத்துகிறது. இது வெறும் ஊகமில்லை. ஹெபடைடிஸ் சி நோய்க்குப் புதிய மாத்திரைகள் வருவதற்கு முன்னால் இன்டர்ஃபெரானையே ஊசியாகப் போட்டோம். போட்டுக்கொண்டவர்களுக்கு ஃப்ளூ வந்ததைப் போலவே குளிரும் காய்ச்சலும் வந்தன, வெள்ளணு எண்ணிக்கையும் இறங்கியது. வைரஸ் காய்ச்சல் எதுவும் புதிதாக வராமலேயே அப்படி. அதனால் வைரஸ் காய்ச்சலின் மூன்றாம் நாளில் கவுண்ட் இறங்கியிருந்தால், உடம்பு சும்மா இருக்கிறது என்று நினைக்காதீர்கள். வேலை தொடங்கிவிட்டது என்பதுதான் பொதுவாக அதன் பொருள்.

டெங்குவில் இதற்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. இந்த வைரஸ் குடியேறிப் பெருகும் இடமே வெள்ளணுக் குடும்பம்தான். கொசு கடித்த இடத்தில் தோலில் இருக்கும் டெண்ட்ரிடிக் செல்களில் முதலில் நுழைகிறது. அவை அதை நிணநீர்க் கட்டிக்குக் கொண்டுபோகின்றன. அப்புறம் மோனோசைட், மேக்ரோஃபேஜ் என்ற வகைகளுக்குள் புகுந்து பெருகுகிறது. கிருமியை விழுங்கிச் செரிப்பதற்கென்றே இருக்கும் செல்கள்தான் அதற்குத் தங்குமிடம். டெங்குவை மற்ற காய்ச்சலோடு வைத்துப் பேச முடியாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இப்போது உங்கள் நான்கு ரிப்போர்ட்டையும் வரிசையாக வைத்துப் பார்க்கலாம். காய்ச்சல் ஆரம்பித்த நாளை முதல் நாள் என்று வைத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள்: வெள்ளணு 3,200, பிளேட்லெட் 1,45,000, ஹீமாடோகிரிட் 42 (இது என்ன என்று அடுத்த ரிப்போர்ட்டில் சொல்கிறேன்), டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 டெஸ்ட் பாசிட்டிவ். பெரியவர்களுக்கு வெள்ளணு சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை இருக்கும். அன்று பிளேட்லெட் கொஞ்சமாகத்தான் குறைந்திருந்தது. டெங்குவில் பெரும்பாலும் முதலில் அசைவது வெள்ளணு, பிளேட்லெட் பின்னால் வரும். சந்தேகத்தோடு வருபவரின் ரிப்போர்ட்டில் நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான். ஆனால் வெள்ளணு குறைந்தாலே வைரஸ் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. டைஃபாய்டு பாக்டீரியாவால் வருவது, அதிலும் வெள்ளணு இறங்கும். (காய்ச்சல் வந்த மறுநாளே வைடால் டெஸ்ட் எடுத்து டைஃபாய்டு என்று எழுதிக்கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் ஒழியவில்லை. கேட்டால் எனக்குக் கோபம் வரும். சந்தேகம் இருந்தால் பிளட் கல்ச்சர்தான் எடுக்க வேண்டும்.) 1957இல் சிவமொக்கா மாவட்டத்துக் க்யாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சலிலும் வெள்ளணுவும் பிளேட்லெட்டும் சேர்ந்து இறங்கும். மலநாட்டுப் பக்கம் போய்வந்தவர் என்றால் அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஐந்தாம் நாள்: வெள்ளணு 2,100, பிளேட்லெட் 68,000, ஹீமாடோகிரிட் 46. நீங்கள் பயந்துபோன நாள். நான் அந்த வார்டில் இருந்திருந்தால் எனக்கும் அன்றுதான் கவனம் கூடியிருக்கும், காரணம் மட்டும் வேறு. டெங்குவில் வெள்ளணு படிப்படியாக இறங்கி, தொடர்ந்து பிளேட்லெட் சரிந்தால், அடுத்து ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் கட்டம் வரக்கூடும் என்று எடுத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் காய்ச்சல் தணியும் நேரத்தில் ஆரம்பிக்கும், 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கும். ஹீமாடோகிரிட் என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. நீர்ப்பகுதி கசிந்து வெளியே போனால் ரத்தம் கெட்டியாகும், இந்த எண் ஏறும். உங்கள் கணவருக்கு 42லிருந்து 46 ஆனது, அதாவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஐந்தில் ஒரு பங்கு ஏறினால் கசிவு கணிசமானது என்பது கணக்கு. அந்த எல்லைக்கு அவர் போகவில்லை. டிரிப்ஸை அளந்து ஏற்றியிருக்கிறார்கள், சிறுநீர் எவ்வளவு போகிறது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்தால் நல்ல கையில்தான் இருந்திருக்கிறார் என்று தெரிகிறது. அந்த வார்டு டாக்டர் சிரித்ததை மன்னித்துவிடுங்கள், வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

ஏழாம் நாள்: வெள்ளணு 2,700, பிளேட்லெட் 31,000, ஹீமாடோகிரிட் 44. வீட்டில் எல்லாரும் பிளேட்லெட்டுக்கு ஆள் தேடி அலைந்திருப்பீர்கள். ஆனால் முதல் எண்ணைப் பாருங்கள். 2,100 என்பது 2,700 ஆகியிருக்கிறது. வெள்ளணு திரும்பிவிட்டது. டெங்குவில் தேறும்போது பெரும்பாலும் வெள்ளணு முதலில் ஏறும், பிளேட்லெட் இரண்டொரு நாள் தாமதமாகத்தான் ஏறும். ஹீமாடோகிரிட்டும் கீழே வருகிறது. உள்ளே எங்காவது ரத்தம் கசிந்தாலும் இது இறங்கும் என்பதால் இதை மட்டும் வைத்துச் சந்தோஷப்பட முடியாது. நாடி, ரத்த அழுத்தம், வயிற்றுவலி, மலத்தின் நிறம் எல்லாம் சரியாக இருந்ததா என்று பார்க்க வேண்டும். இருந்திருக்கிறது. ரத்தப்போக்கு இல்லாதவருக்கு 31,000 என்ற எண்ணுக்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றத் தேவையில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000க்கும் கீழே போன பெரியவர்களுக்கு முன்கூட்டியே ஏற்றிப் பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. ரத்தப்போக்கை அது தடுக்கவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின.

ஒன்பதாம் நாள்: வெள்ளணு 4,900, பிளேட்லெட் 79,000, ரியாக்டிவ் லிம்போசைட் 12 சதவீதம். இதுதான் அந்த நட்சத்திரம்.

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பூசி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் சாதாரண லிம்போசைட் சின்னதாக உருண்டையாக இருக்கும். அடர் ஊதா உட்கரு, சுற்றிலும் மெல்லிய விளிம்பு. ரியாக்டிவ் லிம்போசைட் அதைவிடப் பெரிது. சுற்றியுள்ள பகுதி அகலமாகி நீலம் பாரித்திருக்கும். பக்கத்தில் ஒரு சிவப்பணு இருந்தால் அதன் மேல் சாய்ந்து, அதன் வளைவுக்கு ஏற்பத் தன் ஓரத்தை வளைத்துக்கொள்ளும். தொட்டுக்கொண்டிருக்கும் ஓரம் மட்டும் நீலம் கூடித் தெரியும். வைரஸை அடையாளம் கண்டு, விழித்து, பெருகிக்கொண்டிருக்கும் செல் அது. டெங்குவில் காய்ச்சல் தணியும் சமயத்தில் இவை ரத்தத்தில் அதிகமாகத் தெரியும். ஒன்றுக்கொன்று வடிவத்திலும் அளவிலும் வேறுபட்டிருப்பது இவற்றின் குணம். புற்றுநோய்ச் செல்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை மாதிரி இருக்கும். சில தடவை மெஷினுக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாது, நட்சத்திரம் போட்டுவிட்டு விலகிக்கொள்ளும். அதனால்தான் பெத்தாலஜி டாக்டர் கண்ணால் பார்த்து எழுதுகிறார். உங்கள் ரிப்போர்ட்டின் அடியில் "பிளாஸ்ட் செல்கள் இல்லை" என்று ஒரு வரி இருக்கிறது, சின்ன எழுத்தில். பிளாஸ்ட் என்பது முதிராத செல், ரத்தப் புற்றுநோய் என்று சந்தேகித்தால் தேடுவது அதைத்தான். நட்சத்திரத்தை விட்டுவிட்டு அந்த வரியைப் படித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எதிர்வீட்டுப் பெரியவர். உங்கள் கடிதத்திலேயே நல்ல கேள்வி இதுதான். ஒருவருக்கு 18,000, ஒருவருக்கு 2,100. மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். எந்த வகை ஏறியது, எந்த வகை இறங்கியது என்று பார்க்க வேண்டும். அவருடைய ரிப்போர்ட் என்னிடம் இல்லை, அதனால் அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வருடம் தீவிரக் கொரோனாவோடு ஐ.சி.யூ.வில் இருந்தவர்களின் ரிப்போர்ட்டில் நியூட்ரோஃபில் 88 சதவீதம், லிம்போசைட் 6 சதவீதம் என்பது போன்ற எண்கள் சகஜம். அதாவது ஒன்று இன்னொன்றைப் போல ஏறக்குறைய 15 மடங்கு. நல்ல ஆரோக்கியத்தில் இது ஒன்றிலிருந்து மூன்று மடங்குக்குள் இருக்கும். வைரஸை நேராக எதிர்கொள்ள வேண்டிய லிம்போசைட் தேய்ந்துபோயிருக்கும். நியூட்ரோஃபில்களோ அலையலையாக வந்து, நுரையீரலின் காற்றறைகளில் தங்கள் நொதிகளைக் கொட்டிச் சேதப்படுத்திக்கொண்டிருக்கும். மொத்தம் 18,000 என்பதில் பலம் எதுவும் இல்லை. நிமோனியாவில் பாக்டீரியாவும் சேர்ந்துகொண்டால் எண் இன்னும் ஏறும். ஸ்டீராய்டு கொடுத்தாலே ஏறும், ஏனென்றால் ரத்தக் குழாயின் சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோஃபில்களை அது ஓட்டத்துக்குள் உதிர்த்துவிடும்.

அந்த ஸ்டீராய்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதிர்ப்புச் சக்தியை எப்படியாவது ஏற்றிவிட வேண்டும் என்ற நம் ஆசைக்கு அதுதான் நேரடிப் பதில். 2020 ஜூனில் பிரிட்டனில் 'ரெக்கவரி' என்ற பெரிய ஆய்வு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தின் முடிவை வெளியிட்டது. நம் மருந்துக்கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பழைய மருந்து. அது வெள்ளணுக்களின் வேகத்தை அடக்குவது. நாளுக்கு 6 மில்லிகிராம் கொடுத்ததில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் இருந்தவர்களின் மரணம் ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தன. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை. எதிர்ப்பைக் கூட்டுகிற மருந்தால் அந்த உயிர்கள் பிழைக்கவில்லை. அடக்குகிற மருந்துதான், அதுவும் சரியான கட்டத்தில் கொடுத்தபோதுதான், பிழைக்கவைத்தது. சரி, அப்படியென்றால் எல்லா வைரஸுக்கும் ஸ்டீராய்டு போட்டுவிடலாமே என்று சிலர் கிளம்பினார்கள். 2021இல் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் அதைத் தேவைக்கு மேல் கொடுத்ததில் கறுப்புப் பூஞ்சை எவ்வளவு பேரின் கண்ணைப் பறித்தது என்பது நமக்குத் தெரியும். டெங்குவில் ஸ்டீராய்டு பலன் தரும் என்பதற்குச் சான்று இல்லை, கொடுப்பதும் இல்லை.

டெங்குவிலும் வெள்ளணுக்களின் ஆவேசம் ஒரு பெரிய காரணம்தான். தொற்றிய மோனோசைட்டுகளும், அவற்றைத் தாக்கும் டி லிம்போசைட்டுகளும் சேர்ந்து கொட்டும் ரசாயனங்கள், வைரஸ் வெளிவிடும் என்.எஸ்.1 புரதம், எல்லாமாகச் சேர்ந்து ரத்தக் குழாயின் உள்பூச்சைத் தளர்த்துகின்றன. ஆபத்து உச்சத்துக்குப் போகும் நேரத்தில் ரத்தத்தில் வைரஸ் ஏற்கெனவே குறையத் தொடங்கியிருக்கும் என்பதைக் கவனியுங்கள். காய்ச்சல் விட்டுவிட்டது, இனி வீட்டுக்குப் போகலாம் என்று குடும்பம் பையைக் கட்டும் நேரமும் அதுவே.

வெள்ளணுக்களையே உண்மையில் அழித்து, எதிர்ப்புச் சக்தியை நிஜமாகவே பறிக்கும் வைரஸ்களும் இருக்கின்றன. எச்.ஐ.வி. வருடக்கணக்கில் சி.டி.4 என்ற வகை லிம்போசைட்டுகளைக் கரைக்கும். தட்டம்மை, பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கும் லிம்போசைட்டுகளில் நுழைந்து அந்த நினைவின் ஒரு பகுதியையே அழித்துவிடும். அதனால்தான் தட்டம்மை வந்துபோன குழந்தைக்கு அடுத்த மாதங்களில் மற்ற தொற்றுகள் அதிகம் வருகின்றன. டெங்கு அந்த ரகத்தில் சேராது.

அந்த ஊசியைக் கேட்டீர்கள். இருக்கிறது, மஜ்ஜையைத் தூண்டி நியூட்ரோஃபில்களை உற்பத்தி செய்யவைக்கும் ஊசி. கித்வாய் போன்ற புற்றுநோய் மருத்துவமனைகளில் கீமோதெரபி எடுப்பவர்களுக்குப் போடுவார்கள். அங்கே மருந்தால் மஜ்ஜையே முடங்கிக் கிடக்கும், நியூட்ரோஃபில் 500க்குக் கீழே போய், காய்ச்சலும் வந்தால் அது அவசர நிலை. உங்கள் கணவரின் கணக்கைப் போடுவோம். ஐந்தாம் நாளில் 2,100இல் நியூட்ரோஃபில் 38 சதவீதம், அதாவது 798. குறைவுதான். ஆனால் அவருடைய மஜ்ஜை இரண்டு நாளில் தானே எழுந்துகொண்டது. வைரஸ் காய்ச்சலில் வரும் இந்தக் குறுகிய இறக்கத்தில் பாக்டீரியாத் தொற்று சேர்ந்துகொள்வது அரிது. அதனால் ஊசியும் வேண்டியதில்லை, "எதற்கும் இருக்கட்டும்" என்று ஆன்டிபயாடிக்கும் வேண்டியதில்லை. தனி அறையில் பூட்டிவைக்கவும் வேண்டாம். காய்ச்சல் நாட்களில் கொசுவலைக்குள் படுக்கவைப்பதுதான் முக்கியம். அது அவரைக் காக்க இல்லை. அவரைக் கடித்த கொசு உங்களையும் பிள்ளைகளையும் கடிக்காமல் இருக்க.

மாமியாரோடு சண்டை வேண்டாம். பப்பாளி இலைச் சாற்றில் பிளேட்லெட் கொஞ்சம் சீக்கிரம் ஏறியதாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு. நீர்க்கசிவையோ மரணத்தையோ அது தடுத்ததாக நம்பத்தக்க சான்று இல்லை. நிலவேம்பு வெள்ளணுவை ஏற்றும் என்பதற்கும் இல்லை. என் கவலை வேறு. ஏற்கெனவே குமட்டலில் கிடப்பவருக்கு அந்தக் கசப்பைப் புகட்டி, அவர் வாந்தி எடுத்து, உள்ளே இருந்த தண்ணீரும் வெளியே போனால் அது நிஜமான நஷ்டம். அத்தை கையால் கேழ்வரகுக் கஞ்சியோ மோரோ இளநீரோ கொடுக்கச் சொல்லுங்கள். ஓ.ஆர்.எஸ். கரைசலும் சேரட்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். புரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் பக்கம் போகாதீர்கள்.

இந்தக் கவுண்ட் விஷயத்தில் எப்போது பயப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் தாண்டியும் காய்ச்சல் இறங்காமல், வெள்ளணு, பிளேட்லெட், ஹீமோகுளோபின் மூன்றும் சேர்ந்து சரிந்துகொண்டே போனால், ரத்தத்தில் ஃபெரிட்டின் என்ற, இரும்பைச் சேமிக்கும் புரதம் பல ஆயிரங்களில் நின்றால், வெள்ளணுக்கள் கட்டுப்பாடு இழந்து சொந்த ரத்த செல்களையே விழுங்கும் நிலைக்குப் போயிருக்கலாம். எச்.எல்.எச். என்று அதைச் சொல்வார்கள். டெங்குவில் அபூர்வமாக வரும், தவறவிட்டால் உயிருக்கு ஆபத்து. அங்கே ஸ்டீராய்டுக்கு வேலை உண்டு. மற்றபடி டெங்குவில் எந்த எண்ணையும்விட முந்திச் சொல்வது ஆள்தான்: விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், சோர்ந்து சுருண்டுவிடுவது அல்லது காரணமில்லாத தவிப்பு, கைகால் சில்லிடுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் வராமல் இருப்பது. இதில் ஒன்று வந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன். டெங்குவில் நான்கு வகை உண்டு. இப்போது வந்த வகை உங்கள் கணவருக்கு மறுபடி வருவது அபூர்வம். மற்ற மூன்றும் வரலாம், இரண்டாவது முறை வருவது கடுமையாக இருக்கும் வாய்ப்பு கூடுதல். முதல் தடவை உருவான ஆன்டிபாடிகள், அதாவது வைரஸைப் பிடிக்க உடம்பு செய்துவைத்த புரதங்கள், புதிய வகையைப் பிடிக்கும், ஆனால் முடக்காது. அந்த ஆன்டிபாடி ஒட்டிய வைரஸை மோனோசைட்டுகள் இன்னும் சுலபமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். 1960களில் பாங்காக்கில் ஸ்காட் ஹால்ஸ்டெட் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் குழந்தைகளிடம் கவனித்தது இது. கியூபாவில் 1977இல் முதல் வகை பரவியது, 1981இல் இரண்டாம் வகை வந்தபோது கடுமையான நோய் பெருகியது. முதல் தடவையே கடுமையாகப் பாதிக்கப்படும் கைக்குழந்தைகளும் உண்டு. தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி அவர்கள் உடம்பில் தேய்ந்து, பாதுகாக்கும் அளவுக்குக் கீழே போன மாதங்களில் இது நடக்கும். தடுப்பூசி தாமதமானதற்கும் இந்த ஆன்டிபாடிச் சிக்கல் ஒரு முக்கியக் காரணம். ஒரு தடுப்பூசியைப் பற்றி அதன் தயாரிப்பு நிறுவனமே 2017 நவம்பரில், முன்பு டெங்கு வராதவர்களுக்கு அது பின்னால் கடுமையான நோயைக் கொண்டுவரலாம் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் (ஐ.சி.எம்.ஆர்.) பனேசியா பயோடெக் நிறுவனமும் சேர்ந்து நான்கு வகைக்கும் ஒரே தடுப்பூசியின் மூன்றாம் கட்டப் பரிசோதனையை 2024 ஆகஸ்டில் தொடங்கின.

அதுவரை கையில் இருப்பது வீட்டுத் தண்ணீர்தான். ஸ்ரீராமபுரம் பக்கம் காவேரித் தண்ணீர் வரும் நாளில் டிரம், குடம், சம்ப் எல்லாவற்றையும் நிரப்பிவைப்பது பழக்கம். ஏடிஸ் கொசு முட்டையிடுவது அந்த நல்ல தண்ணீரில்தான், சாக்கடையில் தேட வேண்டாம். வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது. சம்ப் மூடியில் கைவிடும் ஓட்டை இருந்தால் துணியோ வலையோ கட்டி அடையுங்கள். 2024இல் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்து, கொசு வளர விடுபவர்களுக்கு அபராதமும் வைத்தது. அபராதத்துக்குப் பயந்தாவது மொட்டைமாடித் தொட்டியைக் கீழ்வீட்டு அக்காவும் நீங்களும் சேர்ந்து பார்த்துவிடுங்கள்.

இனி செய்ய வேண்டியது இவ்வளவுதான். இரண்டு மூன்று வாரம் கழித்து சி.பி.சி., அதாவது ரத்த அணுக்களை எண்ணும் இதே டெஸ்ட்டை, ஒருமுறை எடுங்கள். ரியாக்டிவ் லிம்போசைட் மறைந்து, எண்கள் சரியாக இருந்தால் அதோடு விட்டுவிடலாம். அப்போதும் வெள்ளணு 4,000க்குக் கீழேயே நின்றாலோ, கழுத்தில் கட்டி, இரவில் வியர்வை, எடை குறைதல் என்று ஏதாவது இருந்தாலோ ஒரு டாக்டரிடம் நேரில் காட்டுங்கள். வேலைக்குப் போகலாம். ஆனால் அசதி சில வாரம் இழுக்கும், நைட் ஷிஃப்டைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடச் சொல்லுங்கள். தொழிற்சாலையில் ரத்ததான முகாம் நடந்தால் முழுக்கக் குணமான பின் ஆறு மாதம் வரை அவர் பெயரைக் கொடுக்க வேண்டாம்.